வாசகர் கேள்வி – பதில்: மலைப்பாதை தொடங்குமிடத்தில் இரவு முழுவதும் கார் நிற்கலாமா?

மலையேற்றக் காலம் நெருங்குவதால், அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் பலரும் ஒரே பொருளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ட்ரெயில்ஹெட் என்று நாம் எல்லோரும் சொல்லும் அந்த இடத்தில் காரை இரவில் விட்டுச் செல்லலாமா, எந்த அனுமதிச்சீட்டு வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்பவைதான் பெரும்பாலான கேள்விகள். ஊருக்கு ஊர் விவரம் மாறினாலும் அடிப்படை ஒன்றே: நீங்கள் ஏறப்போகும் மலை யாருடையது என்பதைவிட, உங்கள் காரின் சக்கரங்கள் நிற்கும் மண் யாருடையது என்பதே விதியைத் தீர்மானிக்கிறது. இந்த இதழின் பதில்கள் அனைத்தும் அந்த ஒன்றைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

கேள்வி: சியாட்டிலுக்குக் கிழக்கே ராட்டில்ஸ்னேக் ஏரிக்குக் குழந்தைகளுடன் அடிக்கடி செல்கிறோம். ஏரிக்கரை வாகன நிறுத்தத்தில் எந்தச் சீட்டும் தேவையில்லை என்கிறார்கள். அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் உள்ள இன்னொரு நிறுத்தத்தில் டிஸ்கவர் பாஸ் என்ற வாஷிங்டன் மாநில வாகனச் சீட்டு கட்டாயம் என்கிறார்கள். ஒரே இடத்தில் ஏன் இரண்டு விதி?
– ஒரு வாசகி, ரெட்மண்ட்

பதில்: பார்ப்பதற்கு ஒரே இடமாகத் தெரிந்தாலும் அவை இரண்டு உரிமையாளர்களின் நிலங்கள். ஏரியும் அதன் கரையும் சியாட்டில் மாநகராட்சிக்குச் சொந்தமானவை. மாநகருக்குக் குடிநீர் தரும் சீடர் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியை ஒட்டிய நிலம் என்பதால், மாநகராட்சியின் குடிநீர்த் துறையே அதைப் பராமரிக்கிறது. அது வாகனங்களுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. நீங்கள் குறிப்பிடும் மற்ற நிறுத்தம் சீடர் ஃபால்ஸ் என்ற இடத்தில் உள்ளது. பழைய மில்வாக்கி ரயில் பாதையின் தண்டவாளங்களை அகற்றி நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் மாற்றிய மாநிலப் பூங்காவின் நுழைவாயில் அது. ஆகவே அங்கே மாநில விதி செல்லும்.

டிஸ்கவர் பாஸ் 2011இல் நடைமுறைக்கு வந்தது. மாநிலப் பூங்காக்கள், இயற்கை வளத் துறை, மீன்–வனவிலங்குத் துறை ஆகிய மூன்று மாநில அமைப்புகளின் நிலங்களுக்கும் அது ஒன்றே போதும். ஆண்டுக் கட்டணம் நெடுங்காலம் 30 டாலராக இருந்து, 2025 அக்டோபர் முதல் 45 டாலராக உயர்ந்திருக்கிறது. ஒரு சீட்டில் இரண்டு வாகனங்களின் எண்களை எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு வாகனத்தில்தான் அதைத் தொங்கவிட முடியும். சீட்டு இல்லாமல் நிறுத்தினால் அபராதம் 99 டாலர். அபராதம் விதிக்கப்பட்ட 15 நாட்களுக்குள் ஆண்டுச் சீட்டை வாங்கி, வாங்கியதற்கான சான்றை நீதிமன்றத்தில் காட்டினால் அந்தத் தொகை 59 டாலராகக் குறையும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இது பலருக்குத் தெரிவதில்லை. தண்டிப்பதைவிடச் சீட்டு வாங்க வைப்பதையே நோக்கமாகக் கொண்ட நல்ல ஏற்பாடு என்று நான் நினைக்கிறேன்.

இரவைப் பற்றியும் ஒரு சொல். சீட்டு தேவையில்லை என்பதால் ஏரிக்கரையில் இரவு முழுவதும் காரை விடலாம் என்று பொருள் கொள்ள வேண்டாம். கட்டணம் உண்டா என்பது ஒரு கேள்வி; எத்தனை மணி வரை நிறுத்தலாம் என்பது வேறு கேள்வி. ஏரிக்கரை நிறுத்தம் பகல் நேரத்துக்கு மட்டுமே உரியது. மாலைக்குப் பின் வாயிலைப் பூட்டிவிடுவார்கள்.

கேள்வி: ஸ்னோக்வால்மி கணவாய்க்குக் கிழக்கே உள்ள பகுதியை வரைபடச் செயலியில் பார்த்தால், பச்சையும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகை போல் கட்டங்கள் தெரிகின்றன. பச்சை தேசிய வனம் என்று புரிகிறது. வெள்ளைக் கட்டங்கள் யாருடையவை? அவற்றில் காரை நிறுத்தினால் தவறா?
– ஒரு வாசகர், இசக்வா

பதில்: இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வாகன நிறுத்தக் குழப்பங்கள் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1864ஆம் ஆண்டு ஜூலை 2 அன்று குடியரசுத் தலைவர் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, பெரிய ஏரிகளிலிருந்து பசிபிக் கரை வரை இருப்புப் பாதை அமைக்க நார்தர்ன் பசிபிக் ரயில்வே நிறுவனத்துக்கு உரிமை கிடைத்தது. அரசாங்கத்திடம் பணம் இல்லை, நிலம் இருந்தது. எனவே பாதை அமைப்பதற்கு ஈடாக, இருபுறமும் உள்ள நிலத்தை ஒரு மைல் நீளம், ஒரு மைல் அகலம் கொண்ட, 640 ஏக்கர் பரப்புள்ள சதுரங்களாகப் பிரித்து, ஒற்றைப்படை எண் கொண்ட சதுரங்களை ரயில்வேக்குக் கொடுத்தார்கள். இரட்டைப்படை எண் கொண்டவை அரசிடமே இருந்தன. அன்று வாஷிங்டன் மாநிலமாகவில்லை. மாநில அந்தஸ்து பெறாத பகுதிகளில் பாதையின் ஒவ்வொரு மைலுக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் இருபது சதுரங்கள் என்று கணக்கு. ஒன்று விட்டு ஒன்றாகக் கொடுப்பதால், பாதையின் இருபுறமும் 40 மைல் தொலைவு வரை இந்தக் கட்டங்கள் பரவின. ரயில் வந்ததும் மீதிச் சதுரங்களின் விலை ஏறும், அரசுக்குப் போட்டது திரும்பி வரும் என்பது அன்றைய எண்ணம். மலைச் சரிவு எங்கே, ஓடை எங்கே என்று யாரும் பார்க்கவில்லை; வரைபடத்தின் மீது கோடு கிழித்தார்கள்.

அரசின் சதுரங்கள் பிற்காலத்தில் தேசிய வனமாயின. ரயில்வேயின் சதுரங்கள் மர நிறுவனங்களின் கைக்குப் போயின. 1900இல் மட்டும் வயர்ஹாசர் நிறுவனம் நார்தர்ன் பசிபிக்கிடமிருந்து வாஷிங்டனில் 9 லட்சம் ஏக்கரை ஒரே விற்பனையில் வாங்கியது. ரயில்வே வைத்துக்கொண்ட மிச்ச நிலம் பின்னாளில் ப்ளம் க்ரீக் என்ற மர நிறுவனமாகப் பிரிந்து, 2016இல் அதுவும் வயர்ஹாசருடன் இணைந்தது. இடையில் நில மாற்றங்கள் வழியாகவும், பாதுகாப்பு அறக்கட்டளைகள் விலைக்கு வாங்கியதன் வழியாகவும், வெள்ளைக் கட்டங்கள் பல பச்சையாகியிருக்கின்றன. ஆயினும் எல்லாம் மாறிவிடவில்லை. ஒரே மண் சாலையில் பத்து நிமிடம் ஓட்டினால் அரசு நிலம், தனியார் நிலம், மீண்டும் அரசு நிலம் என்று மாறி மாறிக் கடப்பீர்கள். சாலையில் எந்தக் கோடும் இருக்காது.

இந்தக் கதையில் மூன்றாவது உரிமையாளரும் உண்டு. 1889இல் வாஷிங்டன் மாநிலமானபோது, 36 சதுரங்கள் கொண்ட ஒவ்வொரு நிலப்பிரிவிலும் 16ஆம், 36ஆம் எண் சதுரங்களைப் பள்ளிக்கூடங்களின் செலவுக்கென மாநிலத்துக்கு ஒதுக்கினார்கள். இன்றும் இயற்கை வளத் துறை அந்த நிலங்களில் மரம் வெட்டி வரும் வருமானத்தைப் பள்ளிக் கட்டடங்களுக்குக் கொடுக்கிறது. ஆகவே மாநில நிலம் என்றதும் பூங்கா என்று நினைத்துவிடக் கூடாது. லாரிகள் போய்வரும் தொழில் நிலமாகவும் அது இருக்கலாம். மரம் ஏற்றிய லாரி திரும்பும் வளைவில் காரை நிறுத்திவிட்டுப் போனவர்கள், திரும்பி வந்து காரைக் காணாமல் தவித்ததுண்டு.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். வெள்ளைக் கட்டத்தில் நிறுத்துவது தானாகவே குற்றமாகிவிடாது. வாஷிங்டன் மாநிலம் 1967இல் ஒரு சட்டம் செய்தது. கட்டணம் வாங்காமல் பொதுமக்களைப் பொழுதுபோக்குக்காகத் தம் நிலத்தில் அனுமதிக்கும் உரிமையாளர்கள் மீது, அங்கே எதிர்பாராமல் நேரும் விபத்துகளுக்காக வழக்குத் தொடுக்க முடியாதபடி அது பாதுகாப்புத் தருகிறது. அந்தத் துணிவில்தான் பலர் தங்கள் நிலத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பகலில் நடந்து போக விடுவதும் இரவில் வாகனத்தை நிறுத்த விடுவதும் ஒன்றல்ல. மர நிறுவனங்கள் சில தம் நிலத்தில் நுழையவே ஆண்டுச் சீட்டு விற்கின்றன. பலகையில் இரவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றால், தனியார் நிலத்தைப் பொறுத்தவரை நான் அதைத் தடையாகவே எடுத்துக்கொள்வேன். தேசிய வன நிலத்தைப் பொறுத்தவரை அனுமதியாக எடுத்துக்கொள்வேன். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் அடுத்த பதிலில் வருகிறது.

இது தொடர்பாக இன்னொரு செய்தி. இரண்டு பச்சைக் கட்டங்கள் மூலையில் மட்டுமே தொட்டுக்கொள்ளும் இடங்களில், தனியார் மண்ணை மிதிக்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டலாமா என்பது நீண்டகால வழக்கு. வயோமிங் மாநிலத்தின் எல்க் மலையில் வேட்டைக்காரர் நால்வர் ஏணி வைத்து மூலையைத் தாண்டியதை ஒட்டி எழுந்த வழக்கில், 2025 மார்ச்சில் பத்தாவது வட்டம் எனப்படும் மாநிலத் தொகுதிக்கான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், பொதுநிலத்துக்குச் செல்லும் வழியை அடைக்கக் கூடாது என்ற 1885ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு கொலராடோ, யூட்டா உள்ளிட்ட ஆறு மாநிலங்களையே கட்டுப்படுத்தும். வாஷிங்டன் வேறு வட்டத்தில் இருக்கிறது. மேலும் அது நடந்து கடப்பவருக்கான தீர்ப்பு. காருக்கு அதில் இடமில்லை.

கேள்வி: வாஷிங்டன் மாநிலத்தின் என்சாண்ட்மென்ட்ஸ் மலைப்பகுதிக்கு இந்த ஆண்டு குலுக்கலில் மூன்று இரவுக்கான பெர்மிட் கிடைத்துவிட்டது. ஒரு முனையில் ஏறி மறு முனையில் இறங்குவதாகத் திட்டம். இரண்டு கார்களில் போகிறோம். பெர்மிட் இருக்கும்போது காருக்குத் தனியாகச் சீட்டு எதற்கு? முதல் நாள் இரவு காரிலேயே தூங்கலாமா?
– நண்பர்கள் குழு, பெல்வியூ

பதில்: முதலில் வாழ்த்துகள், அந்தக் குலுக்கலில் கிடைப்பது எளிதன்று. மே 15 முதல் அக்டோபர் 31 வரை அங்கே இரவு தங்குவதற்குத் தரப்படும் பெர்மிட் மனிதர்களுக்கானது. எத்தனை பேர் எந்தப் பகுதியில் உறங்கலாம் என்பதை மட்டும் அது சொல்கிறது. நிறுத்துமிடத்துக்கு நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் என்ற வனத்துறைச் சீட்டு தனியாக வேண்டும். நாளுக்கு 5 டாலர், ஆண்டுக்கு 30 டாலர். நாள் சீட்டை எடுத்தால் கார் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று வேண்டும். நீங்கள் இரண்டு கார்களை இரண்டு முனைகளில் நிறுத்துவதால் இரண்டு சீட்டு வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். 80 டாலர் கொடுத்து, மத்திய அரசு நிலங்களுக்கான அமெரிக்கா த பியூட்டிஃபுல் ஆண்டு அட்டை வைத்திருப்பவர்கள் அதையே கண்ணாடியில் தொங்கவிடலாம். ஆனால் அதில் இருவர் கையெழுத்திட இடமிருந்தாலும் அட்டை ஒன்றுதான். ஒரே நேரத்தில் ஸ்டுவர்ட் ஏரி முனையிலும் ஸ்னோ ஏரிகள் முனையிலும் அது இருக்க முடியாது. மாநிலத்தின் டிஸ்கவர் பாஸ் இங்கே செல்லாது. இது மத்திய அரசின் வேளாண் துறைக்குக் கீழ் உள்ள வனத்துறையின் நிலம்.

காரில் தூங்குவதைப் பற்றிப் பலரும் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். தேசிய வனத்தில் பொது விதி தாராளமானது: தடை என்று எழுதாத இடத்தில் இரவைக் கழிக்கலாம், பெரும்பாலான வனங்களில் 14 நாள் உச்சவரம்பு. சாலையை விட்டு ஒரு வாகன நீளத்துக்குள், செடிகொடிகளைச் சிதைக்காமல், போக்குவரத்தை மறிக்காமல் ஒதுக்கி நிறுத்துவதையும் வனத்துறையின் வாகனப் பாதை வரைபடங்கள் அனுமதிக்கின்றன. அந்த வரைபடங்களை இலவசமாகவே தருகிறார்கள். ஆனால் என்சாண்ட்மென்ட்ஸ் போல் கூட்டம் மிகுந்த இடங்களில் தனி ஆணைகள் உண்டு. ஆகவே அங்கே உள்ள பலகைதான் இறுதிச் சொல். லெவன்வொர்த் ஊரிலிருந்து மேலே போகும் ஐசிகிள் சாலையோரம் வனத்துறையின் கட்டண முகாம்தளங்கள் இருக்கின்றன. உங்கள் குழு அங்கே தங்கிவிட்டு விடியும் முன் புறப்படுவதே நல்லது.

தேசியப் பூங்காவில் நிலைமை நேர் எதிர். மவுண்ட் ரெய்னியரில் குறிக்கப்பட்ட முகாம்தளத்துக்கு வெளியே காரில் உறங்கக் கூடாது. மலையில் தங்குவதற்கான பெர்மிட் உள்ளவர்களின் வாகனம் மட்டுமே இரவில் நிற்கலாம். அங்கே நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸும் செல்லாது. பூங்கா உள்துறை அமைச்சகத்துக்குக் கீழ் வருவது. வனத்துறை வேறு அமைச்சகம். மாநிலத்தின் மவுண்ட் சை பகுதியோ பகல் நேரப் பயன்பாட்டுக்கு மட்டும் உரியது.

கேள்வி: வெறும் வாகன நிறுத்தத்துக்காக வனத்துறை பணம் வாங்கக் கூடாது என்று ஒரு சட்டமே இருப்பதாக என் அலுவலக நண்பர் உறுதியாகச் சொல்கிறார். அப்படியானால் நாம் கட்டும் 5 டாலர் சட்டவிரோதமா?
– ஒரு வாசகர், போர்ட்லண்ட்

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. 2004ஆம் ஆண்டின் மத்தியப் பொதுநிலப் பொழுதுபோக்குக் கட்டணச் சட்டம், வாகனத்தை நிறுத்துவதற்காக மட்டும் வனத்துறை கட்டணம் வாங்குவதையும், எந்த வசதியையும் பயன்படுத்தாமல் காட்டுக்குள் நடந்து செல்பவரிடம் வாங்குவதையும் வெளிப்படையாகத் தடுக்கிறது. ஆனால் ஆறு வசதிகள் சேர்ந்து இருக்கும் இடத்தில் கட்டணம் வாங்கலாம். முறையாக அமைத்த வாகன நிறுத்தம், நிரந்தரக் கழிப்பறை, குப்பைத் தொட்டி, விளக்கப் பலகை, உணவு மேசை, காவல் ஏற்பாடு ஆகியவையே அந்த ஆறு.

அரிசோனாவில் டூசான் நகரை ஒட்டிய லெமன் மலைக்குச் செல்பவர்கள் நால்வர், வசதி எதையும் தொடாத எங்களிடமும் ஏன் வாங்குகிறீர்கள் என்று வழக்குத் தொடுத்தார்கள். 2012இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. வாஷிங்டன், ஓரிகன், கலிஃபோர்னியா மாநிலங்கள் அதே வட்டத்தில்தான் உள்ளன. எனவே ஆறு வசதிகளும் இல்லாத ஓர் ஓரத்தில், பலகை எதுவும் தடுக்காதபோது, காரை ஒதுக்கி நிறுத்திவிட்டு நடந்து செல்பவர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை என்பது சட்டத்தின் நிலை. அமைத்த நிறுத்தத்துக்குள் காரை விட்டுவிட்டு, நான் கழிப்பறையைப் பயன்படுத்தவில்லை என்று வாதாடுவது வேறு விஷயம்.

என் கருத்தைக் கேட்டால், அந்த வழக்கைத் தொடுத்தவர்களை நான் மதிக்கிறேன். பொதுநிலத்தில் கால் வைக்கவே காசு என்ற நிலை வந்தால் முதலில் விலகிப் போவோர் வசதி குறைந்த குடும்பங்கள்தாம். அதே நேரத்தில், காட்டின் நடுவே உள்ள கழிப்பறையை யாரோ ஒருவர் வண்டி ஓட்டி வந்து சுத்தம் செய்கிறார் என்பதையும் நான் எண்ணிப் பார்க்கிறேன். அமைத்த நிறுத்தங்களில் சீட்டை எடுத்துவிடுகிறேன்.

கேள்வி: யோசெமிட்டியில் இரண்டு இரவு நடைப்பயணம் போகிறோம். திரும்பி வந்ததும் சாப்பிட முறுக்கும் ஊறுகாயும் காரின் டிக்கியில் வைத்துவிட்டுப் போகலாமா? குளிர்காலம் நெருங்கும்போது காரை எங்கே விடுவது?
– ஒரு வாசகி, சன்னிவேல்

பதில்: வைக்கக் கூடாது. யோசெமிட்டியில் பகலில் கண்ணாடிகளை ஏற்றி, வெளியே தெரியாதபடி உணவைக் காரில் வைத்திருக்கலாம். இருட்டிய பிறகு கூடாது. நிறுத்துமிடங்களில் உள்ள இரும்புப் பெட்டிகளுக்குள் எல்லாவற்றையும் வைத்துத் தாழிட வேண்டும். உணவு என்றால் முறுக்கும் ஊறுகாயும் மட்டுமல்ல. பற்பசை, சோப்பு, முகப்பூச்சு, வாசனை படிந்த வெற்று டப்பா, பாலும் பிஸ்கட் தூளும் சிந்திய குழந்தை இருக்கை ஆகிய எல்லாமே கரடியின் மூக்குக்கு உணவுதான். கதவின் மேல் விளிம்பில் நகங்களைக் கோத்து, கதவையே மடக்கிக் கீழே இழுத்துவிடும் வலு அதற்கு உண்டு. விதியை மீறினால் 5,000 டாலர் வரை அபராதம் விதிக்கவும் காரைக் கைப்பற்றவும் பூங்காவுக்கு அதிகாரம் இருக்கிறது. மனிதர் உணவுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டிவரும் என்பதுதான் எனக்கு அபராதத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

பெர்மிட் உள்ளவர்கள் பயணத்துக்கு முந்திய இரவும் முடிந்த இரவும் நடைப்பயணிகளுக்கான முகாம்தளத்தில் தங்கலாம்; ஆகவே காரில் தூங்க வேண்டிய தேவையே எழாது. அக்டோபர் 15க்குப் பிறகு டியோகா சாலையிலும் கிளேசியர் பாயின்ட் சாலையிலும் இரவில் வாகனம் நிற்கக் கூடாது. பனி திடீரென விழுந்து சாலை மூடப்பட்டால் காரை எடுக்கவே முடியாமல் போகும் என்பதால் அந்த விதி.

தெற்கே செக்வோயா தேசியப் பூங்காவின் மினரல் கிங் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே கரடியோடு மார்மட் என்ற பெரிய அணில் இனமும் உண்டு. வசந்தத்திலும் கோடையின் முற்பகுதியிலும் அது காரின் அடியில் புகுந்து ரேடியேட்டர் குழாய்களையும் கம்பிகளையும் கடித்துவிடும். பழகியவர்கள் பெரிய தார்ப்பாயைத் தரையில் விரித்து, அதன் மேல் காரை ஓட்டி நிறுத்தி, நான்கு பக்கமும் தூக்கிக் கயிற்றால் கட்டிவிட்டுப் போவார்கள். வரிசையாக மூட்டை கட்டிய கார்கள் நிற்பதைப் பார்த்தால் முதலில் வியப்பாகத்தான் இருக்கும். அந்தப் பள்ளத்தாக்கு 1978 வரை தேசிய வனமாக இருந்தது. பெரிய பனிச்சறுக்கு விடுதி ஒன்று அங்கே வரவிருந்ததை எதிர்த்து நடந்த நெடிய போராட்டத்துக்குப் பிறகே பூங்காவோடு சேர்ந்தது. ஆகவே இன்று அங்கே பூங்காவின் விதிதான்.

கேள்வி: நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் பூங்காவில் ஒரு மலைக்குப் போக, தனியார் சங்கத்தின் இணையதளத்தில் பார்க்கிங் முன்பதிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். அரசுப் பூங்காவில் தனியாருக்கு என்ன அதிகாரம்?
– ஒரு வாசகர், எடிசன், நியூஜெர்சி

பதில்: அடிராண்டாக் பூங்கா 1892இல் வரைபடத்தில் நீலக் கோடு ஒன்றை இழுத்து அறிவிக்கப்பட்டது. இன்று அந்தக் கோட்டுக்குள் ஏறத்தாழ 60 லட்சம் ஏக்கர். அதில் பாதிக்கும் குறைவே மாநில அரசுடையது. அந்த அரசு நிலத்தை விற்கவோ மரம் வெட்டவோ கூடாது, என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும் என்று 1894இல் மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். மீதி நிலம் ஊர்கள், வீடுகள், மரக்காடுகள், சங்கங்கள் எனத் தனியாருடையது. பூங்காவுக்குள் இருப்பதால் அந்த உரிமை மறைந்துவிடாது.

நீங்கள் சொல்வது கீன் வேலி ஊரை ஒட்டிய அடிராண்டாக் மவுண்டன் ரிசர்வ். உயரமான மலைப்பகுதிகளை அந்தச் சங்கம் 1978இல் மாநிலத்துக்கு விற்றது. அடிவாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பொதுமக்கள் நடந்து போக வழிநடைப் பாத்தியம் எழுதிக் கொடுத்தது. எழுதிக் கொடுத்தது நடப்பதற்கு மட்டும்தான். நாய் கூடாது, கூடாரம் கூடாது. கூட்டம் பெருகி, 73ஆம் எண் நெடுஞ்சாலையின் வளைவுகளில் மக்கள் கார்களை நிறுத்திவிட்டுக் குழந்தைகளோடு வண்டிகளுக்கு நடுவே நடக்கும் நிலை வந்தபோது, மாநிலமும் சங்கமும் சேர்ந்து 2021இல் முன்பதிவு முறையைக் கொண்டுவந்தன. மே 1 முதல் அக்டோபர் 31 வரை அது நடப்பில் இருக்கும்; கட்டணம் இல்லை; சுமார் எழுபது வண்டிகளுக்கே இடம். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்துவதற்கு அங்கே தடை உண்டு.

அதே சுற்றுவட்டாரத்தில் கார்டன் என்ற நிறுத்தத்தைக் கீன் ஊர் நிர்வாகம் நடத்துகிறது. ஹார்ட் ஏரி அருகே உள்ள நிறுத்தமோ அடிராண்டாக் மலையேறுவோர் சங்கத்தின் சொந்த நிலம்; அவர்கள் கட்டணம் வாங்குகிறார்கள். மூன்று வாசல், மூன்று உரிமையாளர். உள்ளே போனால் ஒரே மலைத்தொடர்.

உங்கள் கேள்வியில் தெரியும் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கொலராடோவில் நடந்ததைப் பார்த்தால், திறந்து வைத்திருக்கும் தனியாரை நாம் எவ்வளவு பேண வேண்டும் என்பது விளங்கும். அங்கே 14,000 அடிக்கு மேற்பட்ட டெமாக்ரட், லிங்கன், பிராஸ் சிகரங்கள் 1872ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்கீழ் தனியாருக்குப் போன நிலங்களோடு பின்னிக் கிடக்கின்றன. வேறோர் இடத்தில், விமானப்படைப் பயிற்சிக் கழக வளாகத்தின் பாதையில் 2008இல் விழுந்து அடிபட்ட சைக்கிள் ஓட்டி ஒருவருக்குச் சுமார் 70 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்ற தீர்ப்பு 2019இல் மேல்முறையீட்டிலும் உறுதியானது. அதைக் கண்டு அஞ்சிய மலை உரிமையாளர் பாதையை மூடினார். பிறகு ஏறுவோரிடம் பொறுப்பு விலக்குப் பத்திரம் வாங்கிக்கொண்டு திறந்தார். 2023இல் ஒரு பாதுகாப்பு அமைப்பு டெமாக்ரட் சிகரத்தின் 289 ஏக்கரை விலைக்கு வாங்கி வனத்துறையிடம் ஒப்படைத்தது. அடுத்த ஆண்டு மாநிலச் சட்டமன்றம், எச்சரிக்கைப் பலகை வைக்கும் உரிமையாளர்களைப் பாதுகாக்கும் வகையில் சட்டத்தைத் திருத்தியது. ஒரு மலை மூடப்படுவதற்கு ஒரு வழக்கு போதும்; திறப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன.

கேள்வி: நெடுஞ்சாலை ஓரம் யாருடைய நிலமும் இல்லையே, அங்கே இரண்டு நாள் காரை விட்டால் என்ன?
– ஒரு வாசகர், டகோமா

பதில்: அதுவும் உரிமையாளர் உள்ள நிலமே, மாநில நெடுஞ்சாலைத் துறையோ மாவட்டமோ சாலையின் இருபுறமும் குறிப்பிட்ட அகலத்தைத் தன் வசம் வைத்திருக்கும். வாஷிங்டனில் நெடுஞ்சாலை எல்லைக்குள் ஆளில்லாமல் நிற்கும் காரைக் காவலர் கண்டால், நாளும் நேரமும் குறித்த ஒட்டுச்சீட்டைக் கண்ணில் படும்படி ஒட்டிவிட்டுப் போவார். அதற்குப் பிறகு 24 மணி நேரம் கழிந்தால் காரை இழுத்துச் செல்லலாம். மலையில் இரண்டாம் இரவு தங்கியிருக்கும் உங்களுக்கு அந்தச் சீட்டு ஒட்டப்பட்டதே தெரியாது. இழுவைக் கட்டணத்தோடு, கார் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனி வாடகையும் சேரும்.

புறப்படுவதற்கு முன் மாவட்ட நில வரைபடத்தை இணையத்தில் திறந்து, நிறுத்தப்போகும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள்; கிங் மாவட்டம் உள்பட பல மாவட்டங்கள் ஒவ்வொரு மனையின் விவரத்தையும் இலவசமாகக் காட்டுகின்றன. கயா, ஆன்எக்ஸ், கால்டோப்போ போன்ற செயலிகளிலும் நில உரிமையைக் காட்டும் அடுக்கு உண்டு. அதன் பிறகும் ஐயம் இருந்தால் அந்தப் பகுதியின் ரேஞ்சர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, நிறுத்துமிடத்தின் பெயரையும் எத்தனை இரவு என்பதையும் சொல்லிக் கேளுங்கள். பாதையைப் பற்றிக் கேட்டால் பாதையைப் பற்றித்தான் பதில் வரும். காரைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும்.